மங்கிஸ் சந்தின் கல்லீரல்

கோகிலா அக்காவின் வலது விலாவுக்குக் கீழே கறிவேப்பிலை முளைத்த அன்று காலை மங்கிஸ் சந்தில் யாரும் அலறவில்லை, யாரும் ஆம்புலன்சைக் கூப்பிடவில்லை. எதிர்வீட்டு மலாய்க்கார அத்தை மாக்சிக் ரோஸ்னா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, மீன் கறிக்கு ஒரு கொத்து கிடைக்குமா என்று கேட்டார், அக்காவும் ரவிக்கை வெட்டும் கத்தரியாலேயே ஒரு கொத்தை நறுக்கிக் கொடுத்தாள், கறி வாயில் வைக்க முடியாத கசப்பாகப் போனதால் மறுநாள் யாரும் கேட்கவில்லை, அத்தோடு அந்த விஷயம் முடிந்தது. நறுக்கிய இடத்தில் சாயங்காலத்துக்குள் புதுக் கொத்து வந்துவிட்டது. அக்கா தன் சட்டையின் வலது பக்கத் தையலைப் பிரித்து, இலை வெளியே வர ஒரு வழி வைத்து, ஓரத்தை அழகாக மடித்துத் தைத்துக்கொண்டாள். அவள் தையல்காரி. உடம்புக்கு என்ன வந்தாலும் அதற்கும் ஒரு அளவெடுத்துவிடுவாள்.

மங்கிஸ் சந்து ஈப்போவிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், ஒரு பழைய ஈயச் சுரங்க ஊரின் சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு முனையில் யாப் சின்சேயின் சீன மருந்துக் கடை, மறுமுனையில் தகரக் கூரை போட்ட மாரியம்மன் கோயில், நடுவில் முகத்துக்கு முகம் பார்த்து நிற்கும் இரண்டு வரிசை வீடுகள். சண்டைக்குப் பேர் போன இடம். காரை யார் வாசலில் யார் நிறுத்துவது என்று சண்டை, டுரியான் தோலை யார் தொட்டியில் யார் போட்டது என்று சண்டை, கோயில் ஒலிபெருக்கிக்கும் எதிர்வீட்டுக் கரவோக்கேவுக்கும் சண்டை, மூன்று மொழியிலும் சண்டை, மொழி போதாதபோது கையாலும் சண்டை. நான் வாதாடக் கற்றுக்கொண்டது அங்கேதான். பிறகு சட்டம் படிக்கக் கோலாலம்பூருக்குப் போனது வெறும் சான்றிதழுக்காக.

அந்த வருஷம் புகைமூட்டம் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் காடு எரிய, இந்தப் பக்கம் சூரியன் முட்டையின் மஞ்சள் கருபோல வானத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, பகல் எது மாலை எது என்று சேவலுக்கே குழப்பமாகி, ஜனங்கள் சிவந்த கண்ணோடும் வறண்ட தொண்டையோடும் எரிந்து எரிந்து விழுந்தார்கள். அப்போதுதான் யாப் சின்சே சந்து முழுவதற்கும் மருந்து காய்ச்சினாள். சின்சே என்றால் சீன வைத்தியர். இவள் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், வயது நாற்பதுக்கு மேல், சீனத்தைவிடத் தமிழில்தான் நன்றாகத் திட்டுவாள்.

"எல்லாருக்கும் கல்லீரல் கொதிக்குதுலா," என்றாளாம். "கோவம் குடியிருக்கிற வீடு அது. வீடு சூடானா ஆளு வெளிய வந்து கத்தத்தான் செய்வான்."

அவளுடைய வைத்தியத்தில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு குணம் உண்டு. பயம் சிறுநீரகத்தில் இருக்கிறது, துக்கம் நுரையீரலில், கவலை மண்ணீரலில், மகிழ்ச்சி நெருப்பின் இனமான இதயத்தில். கல்லீரல் மரத்தின் இனம்; பச்சை அதன் நிறம், புளிப்பு அதன் சுவை, கண்கள் அதன் சன்னல். அதுதான் படைத் தளபதி. என்ன செய்யலாம், எப்போது செய்யலாம் என்று திட்டம் போடுவதும் அதுவே, கோபப்படுவதும் அதுவே. ஒன்று கொழுத்தால் இன்னொன்று மெலியும். ஒன்று பட்டினி கிடந்தால் அடுத்ததும் கிடக்கும். இதை நம்புகிறாயா என்று என்னைக் கேட்டால், நான் நம்புவதும் நம்பாததும் இங்கே சாட்சியமே இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சந்தே குடித்தது. சீனர் குடித்தார்கள், தமிழர் குடித்தார்கள், மாக்சிக் ரோஸ்னா பிஸ்மில்லா சொல்லிவிட்டுக் குடித்தார். சாமந்திப்பூவும் ஏதேதோ வேரும் மண்சட்டியில் காய்ந்து வற்றி, கறுப்பாக, நாக்கைச் சுருட்டும் கசப்போடு எல்லார் வயிற்றிலும் இறங்கியது. மிஞ்சிய சக்கையை என்ன செய்வது என்பதையும் சின்சே சொல்லியிருந்தாள்: அவரவர் வாசலுக்கு முன்னால் சாலையில் கொட்டுங்கள். சீனர் வழக்கம் அது. போகிறவர் வருகிறவர் மிதிக்க, நோய் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிரம் செருப்பில் ஒட்டிக்கொண்டு ஊரெங்கும் சிதறி ஒன்றுமில்லாமல் போய்விடும்.

எங்கள் வழக்கம் வேறு. சாலையில் கொட்டிக் கிடப்பதை நாங்கள் மிதிக்க மாட்டோம். உடைத்த பூசணி, நறுக்கிய எலுமிச்சை, சிவந்த தண்ணீர் என்று யாரோ திருஷ்டி கழித்துப் போட்டதை மிதித்தால் அவர்கள் பீடை நம் காலில் ஏறும் என்று சுற்றிக்கொண்டு போவோம். கோகிலா அக்காவுக்கு இதில் இன்னும் கொஞ்சம் கூடுதல். விடியற்காலையில் தன் வாசலைக் கூட்டினால் பக்கத்து வாசலையும் கூட்டுவாள், பக்கத்து வாசலைக் கூட்டினால் அதற்கடுத்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா வர அவள் கைக்குத் தெரியாது. சின்னப் பிள்ளைகள் மிதித்துவிடுமே என்ற ஒரே நல்லெண்ணத்தில், சந்தின் அத்தனை வீட்டுச் சக்கையையும் தினம் தினம் கூட்டி அள்ளி, வீணாக்குவானேன் என்று தன் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தின் தூரில் போட்டாள். மரம் தளதளவென்று வந்தது. அவள் தினமும் அதில் ரசம் வைத்துச் சாப்பிட்டாள்.

ஆயிரம் செருப்பில் போகவேண்டியது ஒரு வயிற்றில் போய்ச் சேர்ந்தது.

இதற்கப்புறம் மங்கிஸ் சந்தில் ஒரு அமைதி வந்தது பாருங்கள், புகைமூட்டத்தைவிட மெதுவாக, புகைமூட்டத்தைவிட அடர்த்தியாக, சன்னல் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் நுழைந்து, துவைத்த துணியிலும் ஊறவைத்த அரிசியிலும் படிந்து, மனிதர்களின் முகத்தில் ஒரு தூக்கம் தெளியாத புன்னகையாக ஒட்டிக்கொண்டது. கோயில் கமிட்டிக் கூட்டம் தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. கமிட்டித் தலைவர் அமிர்தலிங்கம் அங்கிள், தன் மைக்கைப் பிடுங்கினவரையே செயலாளர் ஆக்கினார். லாரி ஓட்டும் செல்வராஜூ வீட்டிலிருந்து பாத்திரம் பறக்கும் சத்தம் நின்றது. அவன் பெண்டாட்டி பிலோமினா சனிக்கிழமை சந்தைக்கு முழங்கை தெரியும் சட்டை போட்டுக்கொண்டு போனாள். நகராண்மைக் கழகம் 'இணக்கமான சந்து' என்று ஒரு கேடயம் கொடுக்கப் போவதாகக் கடிதம் எழுதியது.

கோபமெல்லாம் எங்கே போகிறது என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அக்காவின் விலாவில் கொத்து கொத்தாக முளைப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அமிர்தலிங்கம் அங்கிள் அவளுக்கு ஒரு மஞ்சள் துணி கொண்டுவந்து போர்த்தினார். சீனர் வீடுகளிலிருந்து ஆரஞ்சுப் பழம் வந்தது. மாக்சிக் தினமும் ஒரு தட்டு கூய் பலகாரம் அனுப்பினார். பரிசு கொடுத்தார்கள், கும்பிட்டார்கள், நன்றி சொன்னார்கள். ஒருவர்கூட வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

நான் செமஸ்டர் விடுமுறைக்கு வந்து இறங்கினபோது இதுதான் நிலைமை. அம்மாவும் அப்பாவும் ஜொகூரில் அண்ணனோடு இருந்ததால் வீட்டில் அக்கா மட்டும்தான். சந்து முனையில் ஆ சூனின் மீ நூடுல்ஸ் கடை. அதன் வாயை முழுசாக அடைத்துக்கொண்டு யாருடைய காரோ நிற்க, அதற்குப் பின்னால் ஆ சூன் கரண்டியும் கையுமாகப் புன்னகைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யார் கார் இது? ஹார்ன் அடிச்சீங்களா?" என்றேன்.

"நிக்கட்டும்லா. நிழலா இருக்கு."

அக்கா தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என் காலடிச் சத்தத்துக்குத் திரும்பினாள், முகத்துக்கல்ல. எழுந்து கட்டிக்கொண்டபோது எனக்கும் அவளுக்கும் நடுவில் ஏதோ சலசலத்தது.

"ரூபி, பசியாறிட்டியா?"

"என்னாக்கா இது?"

"கறிவேப்பிலை."

"அது தெரியுது. உன் இடுப்புல ஏன் இருக்கு?"

"எடுத்தவுடனே குறுக்கு விசாரணையா? உக்காரு. இந்த ஊசியில கொஞ்சம் நூலக் கோத்துக் குடு."

வாங்கிக்கொண்டேன். அக்கா ஊசி கோக்க என்னைக் கேட்டதே இல்லை. பேசிக்கொண்டே, டிவி பார்த்துக்கொண்டே, நூல் நுனியை ஒரு தரம் நாக்கில் தொட்டுக் கோத்துவிடுகிறவள். நான் அவள் விரல்களைப் பார்த்தேன். நகங்கள் இளம்பச்சையாக இருந்தன. தட்டு நிறைய மாங்காய்க் கீற்றும் புளிச்ச கெடொண்டோங் காயும் வைத்திருந்தாள். கல்யாணமாகாதவள் புளிப்பாகத் தின்கிறாளே என்று முன்பென்றால் சந்து ஒரு மாசம் பேசியிருக்கும். இப்போது பேசவும் யாருக்கும் தெம்பில்லை.

"கண்ணு எவ்வளவு தெரியுது உனக்கு?"

"வெளிச்சம் தெரியுது. ஆளு தெரியுது. ஆளு யாருன்னுதான் தெரியல," என்று சிரித்தாள். "பரவால்லடி. ரவிக்கை விரலுக்கே தெரியும்."

நான் நேராக மருந்துக் கடைக்குப் போனேன். யாப் சின்சேயும் அவள் மாமியாரும் ஒரே சோபாவில், ஒரே தட்டில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு, ஒரு கொரிய நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளாக அந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை; உப்பு வேண்டுமென்றால்கூடப் பூனையிடம் சொல்வதுபோலச் சொல்வார்கள்.

"சின்சே, என் அக்காவுக்குக் கண்ணு போயிட்டிருக்கு."

"தெரியும், தங்கச்சி." அவள் குரலில் அவசரமே இல்லை. "கல்லீரல் தாங்கல. மொதல்ல கண்ணு, அப்புறம் நரம்பு. கை காலெல்லாம் விறைச்சிக் கிளையாட்டம் நிக்கும். அப்புறம் மரந்தான்."

"தெரிஞ்சும் சும்மா இருக்கீங்க!"

"சந்தே எவ்வளவு நல்லா இருக்கு பாத்தியா? எங்க வைத்தியத்துல இதத்தான் சமநிலைன்னு சொல்லுவோம்."

"ஒரு தட்டுல எல்லாரும், இன்னொரு தட்டுல என் அக்காவா? இது சமநிலை இல்ல சின்சே. சுமையத் தூக்கி ஒருத்தி தலையில வச்சிட்டுக் கைய வீசி நடக்கிறது."

முன்பிருந்த சின்சே என்றால் சட்டி பறந்திருக்கும். இவள் தலையாட்டினாள். "நீ சொல்றது சரிதாம்மா," என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமியார் எனக்கு ஒரு கை விதையை நீட்டினார்.

வாதாடுகிறவர்களுக்கு இதைவிடக் கொடுமை இல்லை. நான் வீடு வீடாகப் போனேன். உங்கள் கோபத்தை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். சரிம்மா என்றார்கள். இன்றைக்கே வாருங்கள் என்றேன். வர்றோம்மா என்றார்கள். ஒருவரும் வரவில்லை. மறுக்கவும் தெரியவில்லை, கிளம்பவும் தெரியவில்லை. அப்போதுதான் மற்றதெல்லாம் என் கண்ணில் பட்டது: ஆ சூன் மீயா மீஹூனா என்று கேட்டால், கேட்கப்பட்டவர் நின்றபடியே யோசிக்க, சட்டியில் சாறு வற்றிப்போனது. அமிர்தலிங்கம் அங்கிள் மகளுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்து, இவர்கள் ஆம் என்பதற்காகக் காத்துக் காத்து, கடைசியில் அவர்களே டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். அதைவிட மோசம், யாரும் சிரிக்கவில்லை. புன்னகை இருந்தது, எல்லார் முகத்திலும், காய்ந்த பசைபோல. வயிறு குலுங்கும் சிரிப்பு, பக்கத்து வீட்டில் என்னவோ என்று நம்மை எழுந்து ஓடவைக்கும் சிரிப்பு, அது சந்தை விட்டே போயிருந்தது. கிண்டல் பண்ணக் கொஞ்சம் முள் வேண்டுமே. இவர்களிடம் முள்ளே இல்லை.

அன்று அக்கா எனக்கும் ஒரு கப் மருந்து எடுத்து வைத்தாள்.

"குடிச்சிடு ரூபி. வந்ததுலருந்து தலைமுடி நட்டுக்கிட்டுத் திரியிற. எனக்குள்ள இன்னும் எடம் இருக்கு."

விருந்தாளிக்குப் பாய் விரிக்கிற மாதிரி, என்னிடம் இடம் இருக்கிறது என்றாள். அந்தச் சந்தில் கோபம் மிச்சமிருந்த ஒரே ஆள் நான். புகை சன்னலில் சாய்ந்து நின்றது. கப்பிலிருந்து ஆவி எழுந்து என் நெற்றியைத் தடவியது. குடித்தால் நன்றாகத் தூங்கலாம். எதற்கும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. ஒரு நிமிஷம், உண்மையாகவே, கையை நீட்டினேன். பிறகு அக்கா என் கப்பைத் தேடி, மேசையில் விரலால் தடவித் தடவி வருவதைப் பார்த்தேன். கப்பை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தேன்.

மறுநாள் ஒரு சின்ன விஷயம் நடந்தது. அக்கா கடைக்குப் போகும் வழியில், அவள் சட்டையிலிருந்து ஒரே ஒரு இலை உதிர்ந்து மீ கடை வாசலில் விழுந்தது. வெறுங்காலோடு தண்ணீர் கொட்ட வந்த ஆ சூன் அதை மிதித்தார். மிதித்த காலை எடுக்கவில்லை, கழுத்து நரம்பு புடைத்தது.

"எவண்டா என் கடை வாசல்ல காரை நிறுத்தினது! இது உங்கப்பன் வீட்டுக் கூடமா?"

ஜனங்கள் கதவைத் திறந்து வந்து, அரிய பறவை ஒன்றைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார்கள். கார்க்காரர் ஓடிவந்து வண்டியை எடுத்தார். கடைக்கு வெளிச்சம் வந்தது. ஆ சூன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார், அவள் விலாவைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். முதல் முறையாக ஒருவர் கேட்டார்:

"கோகி, வலிக்குதா?"

"கொஞ்சம்," என்றாள் அக்கா.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குள் நுழைந்து, டிவியை அணைத்தேன். "நாடி பாருங்க. பாத்துட்டு அப்புறம் சமநிலைன்னு சொல்லுங்க."

சின்சேயால் மறுக்க முடியாதே, பார்த்தாள். சின்ன மெத்தையில் அக்காவின் மணிக்கட்டை வைத்து மூன்று விரல் பதித்தாள். சீன வைத்தியத்தில் ஒவ்வொரு விரலுக்கும் கீழே ஒரு உறுப்பு பேசும். இடது கையில் நடு விரலுக்குக் கீழே கல்லீரல். வெகுநேரம் கண்ணை மூடியிருந்தாள்.

"வில்லு நாணாட்டம் விறைப்பா இருக்கு," என்றாள். பிறகு, "உள்ள கூட்டமா இருக்கு. இது அமிர்தலிங்கம். இது மாக்சிக். இது..." விரல் நின்றது. முகம் மாறியது. "இது நான்."

"கல்யாணத்தன்னிக்கு எங்கம்மா ரப்பர் பால் வெட்டுறவன்னு, மருமகளா ஏத்துக்கிறதுக்குக் குடிக்கிற டீய இந்தக் கிழவி என் கையால வாங்கிக் குடிக்கல. அது இங்க இருக்கு. என்னோடதுலா. என்னோடத நான் எவ்வளவு நாளு வச்சிருந்தேன்." கையை உதறுவதுபோல எடுத்துக்கொண்டாள். "இவ கையில அது துடிக்குது. இவளுக்கு அது யாருன்னே தெரியாது. இவ எதுக்குத் தூக்கணும்?"

"அதத்தான் நான் மொதல்ல இருந்து கேக்கிறேன்," என்றேன்.

"நீ கேட்ட கேள்விக்கு எனக்குக் கோவம் வந்திருக்கணும். வந்திருந்தா அன்னிக்கே செஞ்சிருப்பேன்." அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் விதை கொறித்துக்கொண்டிருந்தார். "மரந்தான் நெருப்புக்கு விறகு, தங்கச்சி. கல்லீரல் காஞ்சா இதயம் பட்டினி. நாங்க ரெண்டு பேரும் இவ்வளவு நாடகம் பாத்தோம். ஒரு தடவ சிரிக்கல, ஒரு தடவ அழல. சக்கைய மிதிக்கணும். அவங்கவங்க காலால மிதிக்கணும். மிதிக்காமத்தான் இவ்வளவும். இலை ஒவ்வொண்ணும் சொந்தக்காரன் காலுக்கடியில போவணும்."

ஆனால் அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் தரமாட்டேன்," என்றாள்.

நான் அதிர்ந்து போனேன். "ஏங்க்கா?"

"செல்வராஜூவுது எங்கிட்ட இருக்கு. அதத் திருப்பிக் குடுத்தா பிலோமினா நாளைக்கே கைய மறைச்சிக்கிட்டு வருவா. ஒருத்தி கண்ணா, ஒருத்தி கையான்னு வந்தா நீ என்னா தீர்ப்பு சொல்லுவ, வக்கீலம்மா?"

கோபம் எல்லாம் ஒரே கோபம் என்று நினைத்துத்தான் இவ்வளவு நேரம் வாதாடியிருக்கிறேன். ஆ சூன் கத்தியதும் கோபம், செல்வராஜூ அடித்ததும் கோபம், ஒரே உறுப்பில்தான் இரண்டும் குடியிருக்கின்றன. வைத்தியமும் பிரிக்கவில்லை, நானும் பிரிக்கவில்லை. பார்வை மங்கின அக்கா மட்டும் தன் விலாவில் கைவைத்து, இலை இலையாகத் தடவி, இது அவனுடையது, இது அவளுடையது என்று பிரித்து வைத்திருக்கிறாள்.

"பிலோமினாவோடது உங்கிட்ட இருக்கா?" என்றேன் கடைசியில்.

அக்கா தேடினாள். ரொம்ப உள்ளே, எலும்பையொட்டி, சுருண்டு கிடந்தது. "இருக்குடி. பெருசா இருக்கு."

"அப்ப ரெண்டையும் அவ வாசல்லயே வச்சிடு, மொதல்ல எறங்குறவ அவதானே. அவன் கோவத்தையும் அவளே மிதிக்கட்டும்."

அக்கா இரண்டு இலையையும் விரலால் நீவிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவளிடம் எவ்வளவு கோபம் இருந்தது பாருங்கள், அதனால் அவள் ஒருத்தியால்தான் அந்தச் சந்தில் இன்னும் சிரிக்க முடிந்தது.

கேடயம் கொடுக்க அதிகாரி வரும் நாளின் விடியலில் நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். சின்சே கத்தரியால் நறுக்கினாள், அக்கா தொட்டுப் பார்த்துப் பேர் சொன்னாள், நான் அந்தந்த வாசற்படிக்குக் கீழே வைத்தேன். புகை தெருவில் பால்போல நின்றது. கறிவேப்பிலை வாசனை அதற்குள் ஏறி, மூடிய சன்னல்களைத் தட்டாமல் தட்டியது. கேட்காமல் வைக்கலாமா என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது. கேட்காமல்தானே கொடுத்தார்கள் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். அந்தப் பதில் எனக்கு முழுசாகப் பிடிக்கவில்லை, இன்னும் பிடிக்கவில்லை, ஆனாலும் வைத்தேன்.

அதிகாரி வந்தார். கழுத்துப்பட்டி, கேடயம், புகைப்படக்காரர் எல்லாம் வந்தன. கதவுகள் திறந்தன. எல்லாரும் புன்னகையோடு, வீட்டுக்குள் செருப்புப் போடாத வெறுங்காலோடு, செருப்பைத் தேடி வாசற்படியிலிருந்து இறங்கினார்கள்.

இலைகள் காலடியில் நசுங்கின. பிறகு அமிர்தலிங்கம் அங்கிள், "டேய், என் மைக்கப் புடுங்கினவனையா நான் செயலாளராக்கினேன்?" என்றார். மாக்சிக் ரோஸ்னா, "யார் என் வேலியில் டுரியான் தோல் தொங்கவிட்டது?" என்று மலாயில் தொடங்கித் தமிழில் முடித்தார். அந்த வீட்டிலிருந்து, அந்த வீட்டுக்கு எதிர்வீட்டிலிருந்து, பாதித் தூக்கத்திலிருந்த குழந்தையிடமிருந்து, கிழிந்த பட்டத்துக்கும் அடைத்த சாக்கடைக்கும் திருமணத்தில் மரியாதை குறைந்ததற்கும் குரல்கள் கிளம்பி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, புகையைப் பிளந்துகொண்டு போயின. மருந்துக் கடை வாசலில் சின்சே தன் இலையை மிதித்துவிட்டு மாமியார் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு ஏன் என் டீயக் குடிக்கல?" மாமியார் தன் இலையை மிதித்துவிட்டுச் சொன்னார்: "சக்கரையே போடலியே நீ!" சின்சே வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. சிரிப்பு வந்தது. அது வயிற்றிலிருந்து வந்தது, கிழவியையும் பிடித்தது, இருவரும் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரிக்க, சண்டையின் நடுவிலேயே அது சந்து முழுக்கப் பற்றிக்கொண்டது. அதிகாரி கேடயத்தைக் குழந்தைபோல மார்பில் அணைத்துக்கொண்டு காருக்குள் போனார்.

செல்வராஜூ வீட்டில் முதலில் இறங்கியது பிலோமினா. இரண்டு இலைமேலும் அவள் பாதம் பட்டது. அவள் நிமிர்ந்தாள், அவள் அவ்வளவு உயரம் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. பின்னாலேயே வந்த செல்வராஜூ, தெருக் கூச்சலைக் கேட்டுப் பழக்கதோஷத்தில் கையை ஓங்கினான். ஓங்கின கை, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல், பஸ்ஸை நிறுத்துகிறவன் கைபோல அந்தரத்தில் நின்றது.

"எறக்கு," என்றாள் பிலோமினா.

இறக்கினான்.

நான் அக்காவிடம் ஓடினேன். அவள் சாலை நடுவில், துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். சட்டையின் அந்தத் திறப்பில் இலை இல்லை. ஒரே ஒரு துளிர் மட்டும், நுனி விரல் அளவுக்கு. நகங்களில் ரோஜா நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். சத்தத்தையல்ல, என் முகத்தைப் பார்த்தாள்.

"இது யாரோடதுக்கா? விட்டுப்போச்சா?"

அக்கா அதைத் தொட்டுப் பார்த்தாள். யார் பேரும் சொல்லவில்லை. கிள்ளினாள், காலுக்குக் கீழே போட்டாள், மிதித்தாள். மிதித்தபடியே சந்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகப் பார்த்தாள். அத்தனை வாசலிலும் மிதிபட்ட இலைச் சக்கை. இத்தனை வருஷமும் அவள் கூட்டின வாசல்கள். ஒரு நாளும் அவளுக்காக யாரும் துடைப்பத்தைத் தொடாத வாசல்கள்.

"ஏய்!" என்றாள்.

அக்கா கத்தி நான் கேட்டதில்லை. சந்தும் கேட்டதில்லை. ஆளாளுக்கு ஓங்கின குரலெல்லாம் அப்படியே நின்றது.

"இனிமே அவங்கவங்க வாசல அவங்கவங்க கூட்டுங்க!"

துடைப்பத்தைச் சாலை நடுவில் போட்டாள். உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

துடைப்பம் அன்று முழுவதும் அங்கேயே கிடந்தது. எடுப்பதா வேண்டாமா, எடுத்தால் யார் எடுப்பது என்று சந்தில் மூன்று மொழியிலும் பயங்கரச் சண்டை.